எலன் ரிச்சர்ட்ஸ் அம்மையார்

கல்லூரியிற் பயிலும் மாணாக்கர் ஒருவர் தம் ஆசிரியரின் மேற்பார்வையில் ஓர் ஆராய்ச்சியை மேற்கொள்ளுங்கால், அவர் கைக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் சிறியதொரு வேலையேயாம். குப்பிகளைக் கழுவுதல், நீரை அளந்து ஊற்றுதல், கண்ட எண்களைக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதுதல் என்னும் இவையே நாள்தோறும் அவருக்கு வாய்க்கும். ஆராய்ச்சியின் பெருமை ஆசிரியரைச் சாரும், அயர்ச்சி மட்டுமே நம்மைச் சாரும் என்று எண்ணிப் பாதியிற் சோர்பவர் பலர். அங்ஙனம் சோர்வோர் எலன் ரிச்சர்ட்ஸ் அம்மையாரின் வரலாற்றைச் சிறிது நோக்குவராயின் அச்சோர்வு நீங்கும் என்பது எம் துணிபு. ஆசிரியர் ஒருவர் தமக்கு ஒப்புவித்த நீர்ச் சோதனையை ஒரு மாணவியாயிருந்து பழுதறச் செய்தமையே பிற்காலத்தில் இவ்வம்மையாரை ஒரு நாட்டின் குடிநீர் முழுவதற்கும் காவலராக்கியது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

எலன் ஹென்றியெட்டா சுவாலோ என்பது இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கிலுள்ள மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில், டன்ஸ்டபிள் என்னும் சிற்றூரில், 1842-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ஆம் நாள் இவர் பிறந்தார். தந்தையார் பீட்டர் சுவாலோ. தாயார் ஃபானி டெய்லர். இருவரும் ஒரு காலத்தில் ஆசிரியத் தொழில் புரிந்தவர்கள். அவர்களுக்கு எலன் ஒரே மகவு. ஆதலின் இளமைக் கல்வியை இல்லத்திலேயே புகட்டினர். மகளுக்கு உயர்தரக் கல்வி வேண்டும் என்னும் கருத்தால் 1859-ஆம் ஆண்டில் குடும்பம் வெஸ்ட்ஃபோர்டு என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்குள்ள கல்விச்சாலையிற் பயின்றுகொண்டே, தந்தையாரின் கடையிற் சரக்கு நிறுப்பதும் கணக்கு எழுதுவதும் எலனுக்கு வழக்கமாயிருந்தன. நோய்வாய்ப்பட்ட தாயாரைப் பேணும் பொறுப்பும் அவர்மேல் விழுந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்தபின் இவர் பட்ட இன்னல் சிறிதன்று. மேற்கொண்டு கற்க வேண்டும் என்னும் வேட்கை உள்ளத்தை அரிக்க, அதற்கு வழியோ பொருளோ இல்லாமையால் ஏறத்தாழ இரண்டாண்டுகள் மிகுந்த மனச்சோர்வுற்றுக் கிடந்தார். அக்காலத்தில் பெண்களை ஏற்கும் உயர்தரக் கல்லூரிகள் அந்நாட்டிலே விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே இருந்தன. ஆயினும் எலன் முற்றும் நம்பிக்கை இழந்தாரல்லர். பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தும், சமையல் முதலிய வீட்டு வேலைகளைக் கூலிக்குச் செய்தும், 300 டாலர் சேர்த்தார். அத்தொகையைக் கொண்டு 1868-ஆம் ஆண்டு நியூயார்க் மாகாணத்திலுள்ள வாஸர் கல்லூரியிற் சேர்ந்தபொழுது அவருக்கு வயது இருபத்தைந்து. உடன் பயின்றோரிற் பலர் அவரினும் இளையர். அதுபற்றி அவர் நாணவில்லை. இழந்த காலத்தை மீட்பவர்போல் இரவு பகலாக உழைத்தார்.

வாஸர் கல்லூரியில் இருவர் இவருக்கு வழிகாட்டிகளாக வாய்த்தனர். ஒருவர், 1847-ஆம் ஆண்டில் தொலைநோக்கியின் உதவியால் வால்வெள்ளி ஒன்றைக் கண்டறிந்து பெரும் புகழ் எய்திய மரியா மிட்சல் அம்மையார். அவரிடம் எலன் வான சாஸ்திரம் பயின்றார். கண்ணாற் காணாததை ஏற்கலாகாது, கண்டதை உடனே குறித்து வைத்தல் வேண்டும் என்னும் ஒழுக்கத்தையும் அவரிடமே கற்றார். மற்றவர் இரசாயன ஆசிரியர் சார்லஸ் ஃபாரர். சாஸ்திரம் என்பது ஏட்டளவில் நின்றுவிடாது மக்களின் அன்றாட வாழ்வுக்குப் பயன்படல் வேண்டும் என்பது ஃபாரரின் கொள்கை. வானத்து மீன்களா, மண்ணுலகின் தண்ணீரும் காற்றுமா என்று எலனின் உள்ளம் சிலகாலம் ஊசலாடியது. முடிவில் அவர் இரசாயனத்தையே தேர்ந்துகொண்டு 1870-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றாராயினும் பணி கிடைத்தபாடில்லை. பாஸ்டன் நகரில் இரசாயனத் தொழில் நடத்திவந்த ஒரு நிறுவனத்தார்க்குத் தம்மைப் பயிற்சியாளராக ஏற்குமாறு எழுதினார். அவர்கள் ஏற்க இயலாதென மறுத்து, அந்நகரில் அப்பொழுது புதிதாகத் தோன்றியிருந்த மாஸச்சூஸெட்ஸ் தொழில் நுட்பக் கழகத்தை அணுகிப் பார்க்குமாறு யோசனை கூறினர். அக்கழகம் 1861-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, 1865-இல் வகுப்புக்களைத் தொடங்கியது. அதுகாறும் பெண்ணொருத்தி அதன் மாணவியாக இருந்ததில்லை. எலனின் விண்ணப்பம் ஆசிரியர் கூட்டத்தில் நெடிது ஆராயப்பட்டது. இறுதியில், பொதுவிதியாக அன்றித் தனிப்பட்டதொரு சோதனையாக, சிறப்பு மாணவி என்னும் பெயரில் அவரைச் சேர்த்துக்கொள்ளத் துணிந்தனர். சம்பளமும் வேண்டாவென்று விட்டனர். தம் ஏழைமையை நினைந்தே இச்சலுகை அளித்தனர் என்று எலன் எண்ணி நன்றியுற்றார். உண்மை வேறு. யாரேனும் எதிர்த்துக் கேட்டால், அப்பெண் எங்கள் மாணவியே அல்லள் என்று கழகத் தலைவர் கூறித் தப்புவதற்கு அது ஒரு வழியாக வைக்கப்பட்டிருந்தது! இதனைப் பிற்காலத்தில் அறிந்த எலன், முன்னரே தெரிந்திருப்பின் அங்கே காலடி வைத்திருக்கவே மாட்டேன் என்று வருந்தினாராம்.

1871-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் கழகத்திற் புகுந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் இறந்தமையால் குடும்பப் பாரமும் அவர் தலைமேல் ஏறியது. தம்மை அங்குள்ளோர் ஐயுற்று நோக்குகின்றனர் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். அதற்காக வழக்காடினாரல்லர், தம்மால் இயன்ற உதவிகளையெல்லாம் செய்து, இன்றியமையாதவராய் விளங்குவதே தக்க வழியென உறுதி கொண்டார். பரிசோதனைச் சாலையைத் துடைத்து ஒழுங்குசெய்வார்; ஊசி, நூல், கத்தரி முதலியவற்றை எப்பொழுதும் உடன் வைத்திருந்து, வெட்டுண்ட விரலுக்குக் கட்டுக் கட்டுவார்; பேராசிரியர் ஒருவருடைய ஆடையின் வார் அறுந்தால் அதனையும் தைத்துக் கொடுப்பார். இவற்றை இக்காலத்து மாணவியர் படிக்கும்பொழுது சினங்கொள்ளுதலும் இயல்பே. ஆண் மாணாக்கர் எவரும் அங்ஙனம் செய்து தம் இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை அன்றோ? ஆயினும் எலன் தையலோடு நின்றுவிட்டவரல்லர். அவர் செய்த பகுப்பாய்வுகள் பிழையற்றவை என்பதை ஆசிரியர்கள் விரைவிற் கண்டுகொண்டனர்.

அங்ஙனம் கண்டுகொண்டவருள் ஒருவர் வில்லியம் ரிப்ளி நிக்கல்ஸ் என்னும் இரசாயனப் பேராசிரியர். மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தார் 1869-ஆம் ஆண்டில் மக்கள் சுகாதாரத்தைக் காக்க ஒரு குழுவை நிறுவியிருந்தனர். ஆற்றங்கரைகளில் நெசவாலைகள் பெருகி, அவற்றைச் சார்ந்த நகரங்களும் விரைந்து வளர்ந்த காலம் அது. ஆலைச் சாயமும் நகரச் சாக்கடையும் ஆற்றிற் கலக்க, அதே ஆற்றின் நீரைக் கீழேயுள்ள ஊரார் முகந்து பருகினர். இந்நிலையை ஆராயுமாறு 1872-ஆம் ஆண்டில் குழுவினர் நிக்கல்ஸை வேண்டினர். அவர் பரிசோதனைச் சாலை வேலையைத் தம் மாணவியாகிய எலனிடம் ஒப்புவித்தார்.

நீர்ச் சோதனை என்பது பார்வைக்கு எளிது, செய்கைக்கு அரிது. குப்பி மாசுடையதாயின் நீர் தூயதாயிருந்தும் மாசுடையதென முடிவு பெறும். சோதனை தாழ்க்குமாயின் குப்பிக்குள்ளேயே நீரின் தன்மை மாறிவிடும். அம்மோனியாவை அளப்பதற்கு நெஸ்லர் என்பாரின் திராவகத்தைச் சேர்த்து, தோன்றும் மஞ்சள் நிறத்தின் ஆழத்தை, அளவு தெரிந்த வேறு கரைசல்களின் நிறத்தோடு ஒப்பிட்டுக் கண்ணாலேயே மதிப்பிடல் வேண்டும். சற்றே கண் அயர்ந்தாலும் எண் பிறழ்ந்துபோம். இத்தகைய வேலையை எலன் நாள்தோறும், குப்பிக்குப்பின் குப்பியாக, சலிப்பின்றிச் செய்தார். நிக்கல்ஸ் அறிக்கையை வெளியிட்டபொழுது, பகுப்பாய்வுகளிற் பெரும்பாலானவை எலன் சுவாலோ செய்தவை என்பதை மறையாது அதில் எடுத்துரைத்தார். மாணவியின் உழைப்பை ஆசிரியர் ஒளிக்கவில்லை. ஆசிரியர் தந்த வேலையை மாணவி இகழவில்லை. ஆராய்ச்சியில் ஆசிரியரும் மாணாக்கரும் எங்ஙனம் ஒழுகுதல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

1873-ஆம் ஆண்டில் கழகம் எலனுக்கு விஞ்ஞானப் பட்டம் அளித்தது. அக்கழகத்திற் பட்டம் பெற்ற முதற் பெண்மணி இவரே. அதே ஆண்டில், இரும்புத் தாதுவிற் கலந்துள்ள வனேடியம் என்னும் உலோகத்தைப் பற்றி எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைக்காக வாஸர் கல்லூரியும் எம்.ஏ. பட்டம் வழங்கியது. அதன்பின் இரண்டாண்டுகள் அவர் உயர் ஆராய்ச்சியைத் தொடர்ந்தும் டாக்டர் பட்டம் மட்டும் அவருக்குக் கிட்டவில்லை. தகுதியில் அவரிடம் குறையில்லை. பெண்ணாய்ப் பிறந்ததே தடையாயிற்று. இவ்வநீதி அவரை வருத்தியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் கழகத்தை விட்டு நீங்கவில்லை. தமக்கு அடைத்த வாயிலைத் தமக்குப் பின் வருவோர்க்குத் திறந்துவிடுவதையே தம் கடனாக மேற்கொண்டார்.

1875-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கழகத்தின் சுரங்க இயற் பேராசிரியராகிய ராபர்ட் ஹாலோவெல் ரிச்சர்ட்ஸை மணந்து, பாஸ்டனைச் சேர்ந்த ஜமைக்கா பிளெயின் என்னுமிடத்தில் இல்லறம் தொடங்கினார். அவ்வில்லமும் ஒரு பரிசோதனைச் சாலையாகவே விளங்கியது. நிலக்கரிக்கு மாறாக வாயு அடுப்பை அமைத்தார். அறைகளில் தூய காற்று எவ்வாறு புகுந்து தீய காற்று எவ்வாறு வெளியேறும் என்று ஆராய்ந்து அதற்கேற்ப வழிகள் வகுத்தார். கணவருடைய தொழிலுக்கும் துணை நின்றார். உலோகத் தாதுக்களைப் பகுத்தறியும் திறத்தால், 1879-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுரங்கப் பொறியியலாளர் சங்கத்தின் முதற் பெண் உறுப்பினரானார்.

பாஸ்டன் மாதர் கல்விச் சங்கத்தார் திரட்டிய பொருளுதவியால் 1876-ஆம் ஆண்டு நவம்பரில் கழகத்திலே மாதர் பரிசோதனைச் சாலை ஒன்று திறக்கப்பெற்றது. ஜான் ஆர்ட்வே என்னும் பேராசிரியர் அதன் தலைவர். ரிச்சர்ட்ஸ் அம்மையார் ஊதியமின்றி அவருக்குத் துணையாசிரியர். பள்ளி ஆசிரியைகள் பலர் அங்கு வந்து இரசாயனம் பயின்று சென்றனர். 1883-ஆம் ஆண்டில் அச்சாலை மூடப்பட்டது. அது தோல்வியால் அன்று; மாணவியரும் மாணவரைப்போலவே கழகத்தின் பொதுச் சாலைகளிற் பயிலலாம் என்னும் நிலை வந்தமையால், தனிச்சாலைக்குத் தேவை இல்லாதொழிந்தது. தாம் தொடங்கிய நிலையம் தேவையற்றுப் போவதே தம் வெற்றி என்று கருதக்கூடிய தொண்டர் உலகிற் சிலரே. அம்மையார் அச்சிலருள் ஒருவர்.

கல்லூரிக்கு வர இயலாத பெண்களையும் அவர் மறந்தாரல்லர். வீட்டிலிருந்தே கற்போர்க்குத் தபால் மூலம் பாடம் நடத்திய ஒரு சங்கம் 1873-ஆம் ஆண்டு முதல் பாஸ்டனில் நடைபெற்று வந்தது. அதன் விஞ்ஞானப் பிரிவை 1876 முதல் இவர் ஏற்று நடத்தினார். தூரத்துச் சிற்றூர்களில் அடுக்களையே உலகமாக இருந்த பெண்கள், தம் கண்முன் உள்ள செடியையும் கல்லையும் நீரையும் நோக்கி எழுதியனுப்ப, இவர் ஒவ்வொன்றையும் படித்து விடை எழுதினார். அவர்களிற் பலர் தம் உடல்நோயையும் மனநோயையும் கூடக் கடிதங்களில் அம்மையாரிடம் தெரிவித்து ஆறுதல் தேடினர். மனச்சோர்வின் கொடுமையைத் தாமே அனுபவித்தவராதலின், அவர்களுக்குப் பரிவோடு வழி கூறினார்.

1884-ஆம் ஆண்டில் கழகம் சுகாதார இரசாயனத்துக்கென ஒரு தனிப் பரிசோதனைச் சாலையை அமைத்து, அதில் அம்மையாரைப் போதனாசிரியராக நியமித்தது. பதினோராண்டுகளுக்கு முன் பட்டம் பெற்றவருக்கு இப்பொழுதுதான் முறையான பதவி கிடைத்தது. இரண்டாண்டு கழித்து, முதன்முதல் தமக்கு நீர்ச் சோதனையைக் கற்பித்த நிக்கல்ஸ் காலமானார். ஆசிரியர் விட்ட இடத்திலிருந்து மாணவி தொடர வேண்டிய வேளை வந்தது. 1887-ஆம் ஆண்டில் மாகாணச் சுகாதாரக் குழுவினர், மாஸச்சூஸெட்ஸ் முழுவதிலுமுள்ள ஆறு, ஏரி, கிணறு ஆகியவற்றின் நீரை ஒழுங்காகச் சோதிக்கும் மிகப் பெரியதொரு ஆராய்ச்சியைத் தொடங்கினர். தாமஸ் டிரவுன் என்னும் பேராசிரியர் அதற்குத் தலைவர். சாலையின் நேரடிப் பொறுப்பு முழுவதும் ரிச்சர்ட்ஸ் அம்மையாருடையது. மாதந்தோறும் மாகாணத்தின் பல மூலைகளினின்றும் குப்பிகள் வந்து குவிந்தன. இவ்வாராய்ச்சியிற் சோதிக்கப்பெற்ற நீர் மாதிரிகள் 40,000 அளவினவென்பர். அவற்றைச் சோதிக்க இளம் உதவியாளர் சிலரை அவர் பழக்கினார். ஒரு காலத்தில் நிக்கல்ஸின் அருகில் தாம் எங்ஙனம் நின்றாரோ, அங்ஙனமே அவ்விளைஞர் இப்பொழுது அவர் அருகில் நின்றனர்.

இவ்வாராய்ச்சியினின்று பிறந்ததே இயல்புக் குளோரின் படம் என்று வழங்கும் புகழ்பெற்ற நிலப்படம். அதன் கருத்தைச் சிறிது விளக்குதும். கடற்காற்று உப்புத் துகள்களைச் சுமந்து நிலத்தின்மேல் வீசுகின்றது. அவை மழையோடு இறங்கி நீரிற் கலக்கின்றன. ஆதலின் எவ்வளவு தூய நீரிலும் சிறிது குளோரைடு உண்டு. அது கடற்கரையருகில் மிகுதியாகவும், உள்நாட்டுக்குச் செல்லச் செல்லக் குறைவாகவும் இருக்கும். ஆயிரக்கணக்கான எண்களை நிலப்படத்தில் இடத்துக்கு இடம் குறித்துப் பார்த்தபொழுது இவ்வொழுங்கு புலப்பட்டது. ஒத்த அளவுடைய இடங்களைக் கோடுகளால் இணைக்க, அக்கோடுகள் கடற்கரையின் போக்கைத் தழுவியே அமைந்தன.

இனி மாசு வெளிப்படும் வகையைக் காண்போம். மனிதர் உண்ணும் உப்பு சிறுநீர் வழியாகச் சாக்கடையை அடைகின்றது. சாக்கடை நீர் மண்ணினூடே வடியுங்கால் அதிலுள்ள அழுகற் பொருள்கள் மாறிப்போகும். நாற்றமும் நிறமும் நீங்கும். கண்ணுக்குத் தெளிந்த நீராகவே கிணற்றில் ஊறும். ஆனால் குளோரைடு மட்டும் மண்ணில் தங்காது, நுண்ணுயிர்களாலும் அழியாது. ஆகவே ஓரிடத்துக் கிணற்று நீரில், அவ்விடத்துக்குப் படம் காட்டும் இயல்பளவினும் மிகுதியான குளோரைடு இருப்பின், மனிதர் வாழ்க்கையின் கழிவு அதிற் கலந்துள்ளதென ஐயுறலாம். சோதனையோ நம் கல்லூரி மாணாக்கர் அனைவரும் அறிந்ததே: நீரிற் சிறிது பொட்டாசியம் குரோமேட்டைச் சேர்த்து, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைத் துளித்துளியாக விட, குளோரைடு முழுவதும் வெண்மையாய்ப் படிந்து தீர்ந்தபின் செந்நிறம் தோன்றும். விட்ட துளிகளின் அளவே விடை. இத்துணை எளிய சோதனையைக் கொண்டு ஒரு மாகாணம் முழுவதன் நீரையும் நிறுத்துக் காட்டியது, பல்லாயிரம் முறை அதனைப் பிழையின்றிச் செய்த பொறுமையேயாம்.

இவ்வாராய்ச்சியின் பயன் ஏட்டோடு நிற்கவில்லை. மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தார் நீரின் தூய்மைக்கு அளவுகளை வகுத்தனர்; அமெரிக்காவில் இவையே முதலாவன என்பர். மெரிமாக் ஆற்றங்கரையிலுள்ள லாரன்ஸ் நகரில் 1887-ஆம் ஆண்டில் நிறுவிய சோதனை நிலையத்தில் கழிவுநீரையும் குடிநீரையும் மணலில் வடித்துத் தூய்மையாக்கும் முறை ஆராயப்பட்டது. அந்நகருக்கு மேலே சுமார் 9 மைல் தொலைவிலுள்ள லோவெல் நகரத்தின் சாக்கடை அவ்வாற்றிலேயே விழுந்தது. லாரன்ஸ் மக்கள் அந்நீரையே குடித்தனர். 1890-91-ஆம் ஆண்டுகளில் இரு நகரங்களிலும் டைபாயிடு சுரம் பரவிப் பலரைக் கொன்றது. 1893-ஆம் ஆண்டில் லாரன்ஸில் மணல் வடிகட்டி அமைந்தபின் அந்நோயால் நேர்ந்த சாவு பெரிதும் குறைந்தது. வடிகட்டியை அமைத்தவர் வேறு பொறியியலாளர். நோயின் வரலாற்றை ஆராய்ந்தவரும் வேறு அறிஞர். ஆயினும் நீரை எண்ணாற் கூறமுடியும், எண்ணைக் கொண்டு மாசைத் தடுக்கமுடியும் என்னும் துணிவு நாட்டில் வேரூன்றியதற்கு அம்மையாரின் உழைப்பும் ஒரு காரணமாகும்.

அந்நிலப்படம் இன்றும் பயனற்றுப் போகவில்லை. இக்காலத்தில் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில், குளிர்காலத்துச் சாலைகளிற் படியும் பனிக்கட்டியை உருக்குவதற்கு ஏராளமான உப்பைத் தூவுகின்றனர். அவ்வுப்பு நீர்நிலைகளிற் கலந்து குளோரைடின் அளவை உயர்த்தி வருகின்றது. எவ்வளவு உயர்ந்தது என்று அறிய வேண்டின், அவ்வழக்கம் தோன்றுவதற்கு முன் எவ்வளவு இருந்தது என்று தெரிதல் வேண்டுமன்றோ? அதனைக் கூறவல்லது நூறாண்டுகளுக்கு முன் இவ்வம்மையாரும் உதவியாளரும் எழுதிவைத்த கணக்கே. நேர்மையாக எழுதிய எண், எழுதியவர் எண்ணியிராத கேள்விக்கும் ஒருநாள் விடை கூறும்.

நீரோடு காற்று, உணவு, வீடு ஆகிய யாவும் சேர்ந்தே மனிதனின் சூழல் ஆகின்றன என்பது அம்மையாரின் முடிபு. இவற்றை ஒருங்கே ஆராயும் கல்விக்கு, ஜெர்மானிய அறிஞர் ஹெக்கல் 1866-இல் ஆக்கிய சூழலியல் என்னும் பொருளுடைய சொல்லை 1892-ஆம் ஆண்டில் பாஸ்டனில் ஒரு சொற்பொழிவில் எடுத்தாண்டார். அச்சொல் பின்னர்ச் செடி கொடிகளையும் விலங்குகளையும் ஆராய்வோர்க்கே பெரிதும் உரியதாயிற்று. அவர் தம் கருத்தை விடவில்லை. மனையியல் என்னும் வேறு பெயரால் அதனை வளர்த்தார். 1890-ஆம் ஆண்டில் உழைப்பாளர்க்கு மலிவான சத்துணவு தரும் சமையற்சாலையொன்றைப் பாஸ்டனில் அமைக்க உதவினார். 1893-இல் சிகாகோ உலகப் பொருட்காட்சியிலும் அத்தகைய சமையற்சாலையொன்றை நடத்திக் காட்டினார். காற்று, நீர், உணவு ஆகியவற்றைச் சுகாதார நோக்கில் விளக்கும் பாடநூலொன்றை உட்மன் என்பாரோடு சேர்ந்து 1900-ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1908-ஆம் ஆண்டு இறுதியில் தோன்றிய அமெரிக்க மனையியற் சங்கத்துக்கு அவரே முதல் தலைவர்.

இத்துணைப் பணிகளுக்கிடையிலும் மாணாக்கரைப் பயிற்றுவதை அவர் ஒருநாளும் விடவில்லை. சுகாதாரப் பொறியியல் பயின்ற மாணவர்க்கு நீரையும் காற்றையும் கழிவுநீரையும் சோதிக்கும் முறையை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்தார். தாம் செய்யாத வேலையை அவர்களிடம் ஏவியதில்லை. அவரிடம் பயின்றோர் நாட்டின் பல பாகங்களிலும் நீர்ச் சாலைகளிற் பணியாற்றினர். 1910-ஆம் ஆண்டில் ஸ்மித் கல்லூரி அவருக்கு விஞ்ஞான டாக்டர் என்னும் கௌரவப் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் மறுக்கப்பட்ட பெயர் இங்ஙனம் வேறொரு வாயிலால் வந்து சேர்ந்தது. அதற்கடுத்த ஆண்டு, 1911 மார்ச்சு 30-ஆம் நாள், இதய நோயால் தம் அறுபத்தெட்டாம் வயதில் அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார். இறுதிவரை அவர் வகித்த பதவி போதனாசிரியர் என்பதே. பேராசிரியர் என்னும் பட்டத்தைக் கழகம் அவருக்கு அளித்ததில்லை. அவர் பட்டம் பெற்ற நூறாம் ஆண்டாகிய 1973-இல், அவர் பெயராலேயே ஒரு பேராசிரியர் பதவியைக் கழகம் ஏற்படுத்தியது. கடன் தீர்ந்தது, ஆனால் தாழ்த்துத் தீர்ந்தது.

மாணவ நண்பர்களே! இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கது யாது? பொறுத்தவர் பூமி ஆள்வார் என்று மட்டும் கூறி அமைவோமாயின், எலனுக்கு இழைத்த அநீதியை நாமும் மூடி மறைப்போராவோம். அவர் பொறுத்தது மெய். ஆனால் பிறரும் அங்ஙனம் பொறுக்கவேண்டாதபடி வாயிலைத் திறந்துவிட்டார் என்பதும் மெய். மற்றொன்றும் உண்டு. நிக்கல்ஸ் அவருக்கு அளித்தது புகழ்பெற்ற ஆராய்ச்சியன்று. சில குப்பிகளும் ஒரு குறிப்பேடுமே. அவற்றை மற்றொருவருடைய வேலையாக அவர் எண்ணியிருப்பின், ஒரு பருவத்தோடு அது முடிந்திருக்கும். இந்நீரைக் குடிப்போர் யார், இதனால் அவர்க்கு விளைவது யாது என்று வினவியமையால், அக்குப்பிகளே அவர்தம் வாழ்வாயின.

வரும் பருவத்தில் நம்மிற் சிலர் ஆசிரியருடன் ஆற்றங்கரைக்கோ கிணற்றங்கரைக்கோ குப்பிகளைச் சுமந்து செல்லும் வாய்ப்பினைப் பெறலாம். குப்பியை நன்றாகக் கழுவுமின். நாளும் இடமும் தவறாது குறிமின். எதிர்பார்த்த எண் வரவில்லையெனில் அதனை அழிக்காது அவ்வாறே எழுதுமின். ஆசிரியப் பெருமக்களும், மாணாக்கரின் உழைப்பை அறிக்கையில் அவர்தம் பெயரோடு குறித்தருளல் வேண்டும். இவ்விரண்டும் ஒரு கல்லூரியில் வழக்கமாகிவிடின், அங்கே பரிசோதனைச் சாலை சிறிதாயினும், அதனாற் சுற்றியுள்ள ஊருக்கு விளையும் நன்மை சிறிதாகாது.